வால்ட்டர் தேடிய அமெரிக்கேன்

சயிக்கிள் திருத்தும் கடைக்கு யாரும் ஏறி ஓட்டிக்கொண்டு வருவதில்லை. தள்ளிக்கொண்டும் திட்டிக்கொண்டும்தான் வருவார்கள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடையோ சலூனோ வைத்திருப்பவர்கள் நாளுக்கு ஒரு சிரித்த முகத்தையாவது காண்பார்கள். எனக்கு வருவது காற்றுப் போன ரயரும், அதைக் குத்தியது நான்தான் என்பதுபோல ஒரு பார்வையும்.

வால்ட்டர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டு வருவார். அமெரிக்கர். பாரிசில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் கடைசியாகக் கடைக்கு வந்தது ஓர் இலையுதிர்காலப் பின்னேரம். ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை. இடுப்பு மூட்டு மாற்றப் போகிறவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். இடுப்பு நன்றாகத்தான் பொருந்தியது. மாரிக் குளிரில் நின்றுபோனது இதயம். ஆனால் அன்று அவர் முகத்தில் நோயாளியின் களை எதுவும் இல்லை. வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்: "பழைய எலும்பைக் குப்பையில் போட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அது அமெரிக்கேன் ஓடிய இடுப்பு!"

இலவசப் பிறேக்

அவர் முதன்முதலில் வந்த நாளைச் சொல்ல வேண்டும். கொண்டுவந்த வண்டி மெலிந்த பழைய வண்டி. கியர் இல்லை, மணி இல்லை, பிறேக்கும் இல்லை. பின்சில்லில் காற்று நிற்கவில்லை, பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

நம்முடைய பகுதி உங்களுக்குத் தெரியும். காலையில் ஸ்டேசன் வாசலில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால், பின்னேரம் பூட்டு மட்டும் பத்திரமாக இருக்கும். பாவம், இந்த மனுசனின் பிறேக்கையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பழைய சாமான் பெட்டியைக் கிண்டி நல்ல பிறேக் ஒரு சோடி எடுத்துப் பூட்டினேன். மனம் கேளாமல் ஒரு மணியும் வைத்தேன். காசு வேண்டாம் என்று சொல்லவும் ஆயத்தமாக இருந்தேன்.

திரும்பி வந்தவர் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மிசியே, இது நிற்பதற்காகச் செய்த வண்டி இல்லை."

பெயர்

அது பந்தய வண்டி. பிஸ்த் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் சாய்ந்த வட்டப் பாதையில் ஓடுவது. பின்சில்லு சுற்றினால் பெடலும் சுற்றியே ஆகும், காலைச் சும்மா வைத்திருக்க விடாது. பூட்டியதையெல்லாம் கழற்றிக் கொடுத்தேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போனது. வாரத்தில் இரண்டு தரமாவது வந்து ரியூப் பெட்டியின் மேல் குந்திக்கொள்வார்.

கடைக்கு வருகிற எங்கட ஆட்கள் "அண்ணை, பம்ப் ஒருக்கா தாங்கோ", "அண்ணை, செயின் கழண்டிட்டுது" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, என் பெயரே அதுதான் என்று வால்ட்டர் முடிவு செய்துவிட்டார். "பொன்ழூர், மிசியே அண்ணை!" என்றுதான் உள்ளே வருவார். நான் திருத்தவில்லை. இன்னொருவர் பெயரைப் பிழையாகச் சொல்லாமல் இருக்க ஒரு மனுசன் அவ்வளவு கவனம் எடுக்கும்போது எப்படித் திருத்துவது? பக்கத்து மரக்கறிக் கடை தேவனுக்கு அது பெரிய பம்பல். "அண்ணை, உங்களுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பி கிடைச்சிருக்கிறார். வயசுதான் கொஞ்சம் முன்பின்னாப் போட்டுது."

பலகைப் பாதை

பெட்டியில் குந்திய வால்ட்டர் பேசுவதெல்லாம் ஒரே விசயம்தான். அவருடைய தாத்தா நியூவார்க்கில் மரப்பலகைப் பாதையில் சயிக்கிள் ஓடியவர். அந்தக் காலத்து அமெரிக்காவில் சயிக்கிள் ஓட்டக்காரனைத்தான் சனம் தெருவில் துரத்திப் போய்ப் பார்க்குமாம். பலகையில் சில்லு ஓடும் சத்தம் தூரத்து ரயில் மாதிரிக் கேட்குமாம். ஆறு நாள் பந்தயம் என்று ஒன்று. முதலில் அதை ஒரே ஆள் ஓடினான். நித்திரையில்லாமல் ஓடி ஓடி, மூன்றாம் நாலாம் நாளில் பாதையில் இல்லாத ஆட்களோடு கதைக்கத் தொடங்குவான். கடைசியில் சட்டம் குறுக்கே வந்தது. ஒருவன் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்றது. உடனே பந்தயக்காரர் இரண்டு பேரைச் சோடி சேர்த்துவிட்டார்கள். ஒருவன் ஓட மற்றவன் ஆறுவான்.

இதையெல்லாம் அவர் தான் கண்ட மாதிரியே சொல்வார். அவர் பிறந்தபோது அந்தப் பலகைகள் எப்போதோ விறகாகப் போய்விட்டன. தகப்பன் சொன்ன கதைதான் அவரிடம் இருந்தது. நான் கேட்டேன், ஆறு நாளும் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு வேறு வேலை இல்லையா என்று. அவர் யோசிக்கவே இல்லை. "மிசியே அண்ணை, அதைவிட நல்ல வேலை அப்போது அமெரிக்காவில் இருக்கவில்லை."

வயதுபோன நேரத்தில்

வசந்தகாலத்தில் ஒரு நாள் முகம் வாடி வந்தார். இடுப்பு தேய்ந்துவிட்டது, இலையுதிர்காலத்தில் வெட்ட வேண்டும், பிறகு பந்தய வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிலத்தைப் பார்த்தபடி வால்ட்டர் சொன்னார்: "தாத்தாவுக்குக் கிடைத்தது. அப்பாவுக்கும் கிடைத்தது. எனக்குத்தான் ஒரு அமெரிக்கேன் கிடைக்கவில்லை. ஆபரேசனுக்கு முன்னம் ஒன்று கிடைத்தால் போதும்."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அமெரிக்கேன் என்றால் அமெரிக்கப் பெண். நானும் தனியாள்தான், மனைவி போய் ஐந்தாறு வருசம். தனிமை எனக்கு விளங்காத சங்கதி இல்லை. மனம் உருகிப்போய், வெட்கத்தை விட்டு, விசயத்தைத் தேவனிடம் சொன்னேன். தேவனுடைய மனைவி பொண்டிப் புறநகர்ப் பக்கம் நாலைந்து கலியாணம் பொருத்திக் கொடுத்த ஆள். ஒரு கிழமை விசாரித்தார்கள். பிறகு, வால்ட்டர் பெட்டியில் குந்தியிருக்கும்போதே, தேவன் கீரைக் கட்டோடு வந்து என் காதில் சொன்னான்: "அண்ணை, அமெரிக்காக்காரி ஒருத்தியும் அம்பிடேல்லை. வில்லியே லே பெல்லிலை ஒரு கனடாக்காரி இருக்கிறா, பக்கத்து நாடுதானே, போதுமோ எண்டு கேளுங்கோ."

கை கொடுத்தல்

நான் கேட்டேன். வால்ட்டர் சிரித்து முடிக்கக் கனநேரம் எடுத்தது. பிறகுதான் விளங்கப்படுத்தினார். சோடியாக ஓடும் அந்தப் பந்தயம் அமெரிக்காவில் பிறந்ததால் பிரெஞ்சுக்காரர் அதற்கு வைத்த பெயர் அமெரிக்கேன். ஆறிக்கொண்டு மேலே மெதுவாக ஓடுகிறவன் இடது கையைப் பின்னால் நீட்டுவான். வேகமாக வருகிறவன் வலது கையால் அதைப் பிடித்து, தன் வேகம் முழுவதையும் அவனுக்குள் தள்ளி எறிந்துவிடுவான். அந்தக் கை பிடித்தல்தான் அமெரிக்கேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வால்ட்டர் ஆயுள் முழுவதும் தனியாக ஓடியவர்.

வன்சென் காட்டுப் பக்கத்துப் பழைய பிஸ்த்தில் கோடையில் பழைய வண்டிக்காரர் கூடும் நாள் ஒன்று உண்டு. அங்கே கிழவர்களுக்கென்று ஒரு சின்ன அமெரிக்கேன் வைப்பார்கள். அவரிடம் வண்டி இருந்தது, தேதி இருந்தது, ஆள் இல்லை. அவர் என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். கூசேன்வில்லில் இருக்கும் என் மகள் ஷர்மி, நான் ஓடப்போவதைக் கேட்டதும் போனிலேயே கத்தினாள், பிரெஞ்சில்தான். அவள் கத்தி முடிக்கும்போது எனக்கென்று ஒரு வண்டிச் சட்டத்தை நான் தெரிந்தெடுத்திருந்தேன்.

பெடல் சும்மா நிற்காத வண்டி எனக்குப் புதிது. பழக்கத்தில் காலை நிறுத்தினேன். வண்டி நிறுத்தவில்லை. என்னைத் தூக்கிப் புல்லில் போட்டது. வண்டி பழகும்வரை கை பிடிப்பதை நடந்தே பழகுவோம் என்றார் வால்ட்டர். வில்லெத் வாய்க்கால் கரையில் ஞாயிறு காலைகளில் நான் இடது கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நடப்பேன், அவர் நொண்டி நொண்டி ஓடிவந்து பிடித்து எறிவார். மனைவிக்குப் பிறகு நான் இன்னொருவர் கையைப் பிடித்து நடந்தது அப்போதுதான். கையில் மீன் பையோடு வந்த எங்கட ஆள் ஒருவர் இரண்டு தரம் எங்களைக் கடந்து போனார். மூன்றாம் தரம் பொறுக்கவில்லை. "அண்ணை, கலியாணம் பேசி முடிச்சாச்சுப் போலை, எங்களுக்குச் சாப்பாடு எப்ப?"

பிஸ்த்

தேவன் வாய் சும்மா இருக்குமா? போட்டி நாளில் லா சப்பலில் பாதி அங்கே நின்றது. கடலை, வடை, குளிர்பானப் பெட்டி, குழந்தை வண்டி எல்லாம் வந்திருந்தன. பிரெஞ்சுக்காரர் தங்கள் பழைய வண்டிகளை விட்டுவிட்டு எங்கட சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோடிகளின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தவர் எங்களுக்கு வந்ததும், வால்ட்டர் பதிந்து கொடுத்தபடியே அணிப் பெயரை அறிவித்தார்: லெக்கிப் வால்ட்டர், அண்ணை! எங்கட பக்கம் சிரிப்பில் வெடித்தது. "அண்ணை! அண்ணை!" என்று கத்தத் தொடங்கியவர்கள் முடியும்வரை நிறுத்தவில்லை. மற்றப் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் தரம் வால்ட்டர் வந்தபோது என் விரல் நுனியில்தான் அவர் கை பட்டது. வழுக்கிப் போனது. கை பிடிக்காமல் தொட்டு மாறினாலும் ஓட விடுவார்கள். மற்றக் கிழவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் மாறினார்கள். அடுத்த முறையும் தவறியது. அவருடைய வலது கால் சரியாகச் சுற்றவில்லை என்பது மேலே இருந்து பார்க்கவே தெரிந்தது. நடுவர் அவரை இறங்கச் சொல்லிக் கை காட்டினார். வால்ட்டர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரியும், இந்தச் சுற்றில் கை பிடிபடாவிட்டால் அவருக்கு இனி இல்லை. நான் சாய்விலிருந்து வண்டியைக் கீழே விட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினேன். முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை, இரும்பு மாதிரி, என் கையைப் பிடித்தது. அந்த மனுசனிடம் இருந்த வேகம் அத்தனையும் என் தோளுக்குள்ளால் வண்டிக்குள் இறங்கியது. கால் தன்பாட்டில் சுற்றியது. நான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் வால்ட்டர் ஆங்கிலத்தில் கத்திய கத்து பாதை முழுவதும் சுற்றி வந்தது.

மிச்சச் சுற்றுகளை நான்தான் ஓடி முடித்தேன். கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த சோடிக்கு ரயர் காற்றுப் போயிருந்தது. இறங்கிய கையோடு நானே போய் அதை மாற்றிக் கொடுத்தேன், தொழிலை விட முடியாதே. திரும்பி வந்தபோது வால்ட்டர் புல்லில் மல்லாந்து கிடந்தார். தேவன் அவர் வாயில் வடை ஒன்றை வைத்துவிட்டு, எத்தனையாம் இடம் என்று என்னிடம் தமிழில் விசாரித்தான். நான் பிரெஞ்சில் மாற்றிச் சொன்னதும் வால்ட்டர் வடையை வெளியே எடுத்தார். "எத்தனையாவது என்று கேட்க வேண்டாம், மிசியே அண்ணை. என்ன ஓடினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்!"

அவர் செத்த பிறகு அவருடைய சகோதரியின் மகள் நியூவார்க்கில் இருந்து வந்து வண்டியைக் கொண்டுபோய்விட்டாள், அது போக வேண்டிய இடமும் அதுதான். ஆக, அந்த அமெரிக்கப் பொற்காலத்திலிருந்து லா சப்பலில் இப்போது மிஞ்சியிருப்பது, மழைக்கு முதல்நாள் உளைகிற என் இடது தோள் மட்டும்.