எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து ஓதியவள்

செம்பனை எண்ணெய் தடவிய ஆறு தலைகள் ஒரே குர்ஆனின் மேல் குனியும்போது ஒரு வாடை எழும். அதில் பழைய காகிதமும், அடுப்பில் வேகும் மரவள்ளிக்கிழங்கும், மழையில் ஊறிய பலகைச் சுவரும் கலந்திருக்கும். நல்ல வாடை என்று பொய் சொல்லமாட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரே எண்ணெய்தான், சமைக்கிறதும் அதில், தலையில் தடவுகிறதும் அதையே என்றால் வேறு எப்படி மணக்கும். ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து, வாசனைத் திரவியம் அடித்த அறைகளில் உட்கார்ந்துகொண்டு, என் மூக்கு அந்த வாடையைத்தான் தேடுகிறது.

மலாயாவில், கிள்ளானுக்கு வெளியே, கம்பம் என்று சொல்கிற ஒரு கிராமத்தில் அப்போது மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த பலகை வீடுகளில் இருந்தோம். குண்டு விழ ஆரம்பித்ததும் துறைமுகப் பக்கத்து வீடுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். பிறகு போய்ப் பார்த்தபோது அங்கே கதவுகூட மிஞ்சவில்லை. ஓடும்போது ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள். அடுத்த வீட்டு ஜொகரா மாமி அரிசி மூட்டையைத் தூக்கினார், அதற்கடுத்த வீட்டு ஹபீபா சாச்சி தையல் மிஷினைத் தூக்கினார், என் உம்மா ஒரு கையில் கைக்குழந்தையான தம்பியையும் மறு கையில் துப்பட்டியில் சுற்றிய குர்ஆனையும் தூக்கினார். "நகைப்பெட்டிய விட்டுட்டு வந்துட்டா பாரு" என்று ஜொகரா மாமி அதற்கு வருஷக்கணக்கில் கேலி பேசினார். அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்தது. குர்ஆன் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முன்பெல்லாம் பிள்ளைகள் ஓதப் போகும் இடம் பள்ளிவாசலை ஒட்டிய கொட்டகை. அங்கே ஓதிக்கொடுத்த ஆலிம்சா சண்டைக்கு முன்பே ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ஜப்பான்காரன் திறந்த பள்ளிக்கூடத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்ப யாருக்கும் துணிச்சலில்லை. பையன்களையும் தெருவில் விட உம்மாமார்களுக்குப் பயம். அப்படியே விட்டால் பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் வளர்ந்துவிடும் என்று மூன்று பேரும் கிழங்கு உரித்துக்கொண்டே பேசி, தங்களுக்குத் தெரிந்ததைத் தாங்களே சொல்லிக்கொடுப்பதென்று முடிவு கட்டினார்கள். ஜொகரா மாமிக்குத் தொழுகை முறைகள் அத்துபடி. தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்யும்போது முழங்கையில் ஒரு இடம் நனையாமல் போனால் அந்த இடத்திலேயே கிள்ளுவார். ஹபீபா சாச்சி நபிமார் கதைகளைச் சொல்லிக்கொண்டே தமிழ் எழுத்துகளை மணலில் எழுதவைப்பார். குர்ஆன் ஓதிக்கொடுப்பது என் உம்மாவின் பங்கு. "நாம ஒண்ணும் ஆலிம் இல்ல புள்ள, ஆனா அவுங்க வர்ற வரைக்கும் வெளக்கு அணையாமப் பாத்துக்கலாம்ல" என்பார் உம்மா.

மூன்று வீட்டுக்கும் சேர்த்துக் குர்ஆன் அந்த ஒன்றுதான். மலாய் வீடுகளிலும் வீட்டுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஓதினார்கள். அதைப் போய்க் கேட்க உம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே நடுவில் மரப்பலகைத் தாங்கியில் குர்ஆனை விரித்துவைத்து, நேர்ப்பக்கத்தில் உம்மா கையில் ஈர்க்குச்சியோடு உட்காருவார். உம்மாவின் பக்கத்தில் ஜொகரா மாமியின் மூத்த மகன் காசிம் காக்கா, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை. இரண்டு ஓரங்களிலும் அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் ஹபீபா சாச்சியின் பெண்கள் இரண்டு பேரும். எனக்கு எது மிஞ்சியது? எதிர்ப்பக்கம். வீட்டுக்காரப் பிள்ளை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். வந்தவர்களுக்கு நல்ல இடம், சொந்த மகளுக்குத் தலைகீழ்ப் பக்கம் என்று முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அலிஃப், பே என்று நான் எழுத்துப் பழகியதே அங்கிருந்துதான், அப்போது எனக்கு ஆறு வயது. மற்றவர்களுக்கு மேலே இருந்த புள்ளி எனக்குக் கீழே இருந்தது; அவர்கள் வலமிருந்து இடம் போனால் நான் இடமிருந்து வலம் போனேன்; அவர்கள் மேலிருந்து இறங்கினால் நான் கீழிருந்து ஏறினேன். அப்படித்தான் உலகத்தில் எல்லோரும் ஓதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "தெரியுதா புள்ள?" என்று உம்மா எப்போதாவது கேட்பார். நான் தலையை ஆட்டுவேன், தெரியத்தானே செய்தது.

வாப்பாவுக்குக் கிள்ளானில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. சாயங்காலம் சைக்கிளை வேலியில் சாய்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மைமூனு, இன்னிக்கு எத்தன வரி?" என்பதுதான். நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன், அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார். பிள்ளை முழுக்குர்ஆனையும் ஓதி முடித்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாப்பா தன் கையால் ஏதோ ஒரு பக்கத்தை விரித்துவைப்பார், சொந்தங்கள் முன்னால் பிள்ளை அந்த இடத்தை ஓத வேண்டும், அதன் பிறகுதான் இனிப்பு. அதற்குப் பெயர் தமாம். "ஒனக்குத் தமாம் வச்சு ஊரையே கூப்புடுறேன், முடிச்சுக் காட்டு" என்று வாப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் காலையில் உப்பு வாங்கப் பாசாருக்கு, சந்தைக்குப் போன வாப்பா திரும்பவில்லை. ஜொகரா மாமியின் வீட்டுக்காரர்தான் மூச்சிரைக்க ஓடிவந்து, பாசார் முனையில் லோரியை நிறுத்தி ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், சயாமுக்கு ரயில்பாதை போடவாம் என்று வாசலில் நின்று சொன்னார். உம்மா உள்ளே போய் உலையை இறக்கிவைத்துவிட்டு வந்து, "ஓத உக்காருங்க" என்றார். அன்றைக்கு ஈர்க்குச்சி ஒரே வரியின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஆறு பிள்ளைகளும் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓதினோம், அடுத்த வரிக்குப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று முதல் எதிர்ப்பக்கம் எனக்குப் பிடித்துப்போனது. மற்ற பிள்ளைகளுக்கு உம்மாவின் தோளும் கையும்தான் தெரியும். முகம் எனக்கு மட்டும்தான். கம்பத்துக்கு ஏதாவது சேதி வந்திருந்தால், நல்லதா கெட்டதா என்று ஓதிக்கொண்டே அந்த முகத்தில் பார்த்துவிடுவேன். காசிம் காக்கா ஓதி முடித்து எழுந்த பிறகு, "வா புள்ள, இப்புடி நேரா வந்து உக்காரு" என்று உம்மா கூப்பிட்டபோதும் நான் அசையவில்லை. "இங்கயே இருக்கேன் உம்மா" என்றேன். பிடிவாதக்காரி என்று ஒரு குட்டு வைத்ததோடு விட்டுவிட்டார்.

எனக்கு ஒன்பது வயதானபோது குர்ஆனின் முப்பது பாகங்களையும், முப்பது ஜுஸ்வும் முடித்தேன். உம்மா என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். தமாம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஜொகரா மாமிதான் ஒரு மத்தியானம் ஆரம்பித்தார். சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்பது அதற்குள் கிள்ளான் முழுக்கத் தெரிந்த விஷயம். "புள்ளைக்கித் தமாம முடிச்சு, அப்புடியே யாஸீனும் ஓதி, அவுகளுக்காக ஒரு துஆ கேட்டுருவோம், எத்தன நாளைக்கித்தான் தள்ளுவ?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே விளங்கியது. சாகிறவர் தலைமாட்டிலும் செத்தவர் வீட்டிலும் ஓதுகிற சூரா, குர்ஆனின் ஒரு அத்தியாயம் அது. அதனாலேயே வாப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாஸீனை யாரும் சத்தமாக ஓதக்கூடாது. பாடத்தில் அந்தப் பக்கங்கள் வந்தபோதுகூட உம்மா வாய்க்குள்ளேயே ஓதவைத்து ஒரே நாளில் தாண்டிவிட்டார்.

"அவுக வந்து பக்கத்த விரிச்சு வைக்காம என் மகளுக்குத் தமாம் கெடையாது" என்றார் உம்மா. "வரலைன்னா?" என்று மாமி கேட்டார். "வர்ற வரைக்கும் திரும்ப ஓதுவா." அப்படியே நடந்தது. நான் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஊரில் சிலர் உம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் நான் ஓதிக்கொண்டிருக்கிற வரைக்கும் வாப்பா உயிரோடு இருப்பார் என்று எப்படியோ மனசில் ஒட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்தாலும் ஒரு நாள் விடாமல் ஓதி, இரண்டாம் தரமும் முடித்தேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போய்ச் சில மாதம் கழித்து, வேலிக்கு வெளியே ஒரு மனிதர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். தலைமுடி இல்லை, கன்னம் இல்லை, ஒரு காலில் சாக்குத்துணி சுற்றியிருந்தது. பிச்சைக்கு வந்தவர் என்று நினைத்து, "வீட்டுல பெரியவங்க இல்ல, அப்பறமா வாங்க" என்று சொன்னேன். அவர் அங்கேயே நின்று, "மைமூனு, எத்தன வரி ஆச்சு?" என்று கேட்டார். என் வாயால் என் வாப்பாவை வாசலில் நிற்கவைத்தேன் என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்ததும், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு தமாம் வைத்தார்கள். ஹபீபா சாச்சி உம்மாவின் பழைய சேலையை வெட்டி எனக்குப் பாவாடை தைத்திருந்தார். ஜொகரா மாமி கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு அவித்திருந்தார். முதல்தடவையாக என்னை நேர்ப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வாப்பா பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, தேடி, ஓரிடத்தில் விரித்துவைத்தார். யாஸீன். உம்மாவின் முகம் மாறியது. "இதுதான் வேணும்" என்றார் வாப்பா.

நான் குனிந்து பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. எந்தப் பக்கம் தொடங்குவது என்றே பிடிபடவில்லை; எல்லாப் புள்ளிகளும் இடம் மாறிக் கிடந்தன. யாஸீன் மனப்பாடமும் இல்லை. வேறு வழி தெரியாமல் தாங்கியைப் பிடித்து மறுபக்கமாகத் திருப்பப் போனேன். "குர்ஆனத் தலைகீழா வைக்கிறியே" என்று ஜொகரா மாமி என் கையைத் தட்டிவிட்டார். "ரெண்டு தரம் முடிச்சான்னு சொன்னீங்களே" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். உம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான்தான் பாவி, எம்புள்ளைய எதிர்ல உக்கார வச்சுட்டேன்" என்று தலையில் கை வைத்தார். நான் அழுதுகொண்டே, "அந்தப் பக்கம் இருந்துதான் எனக்கு ஓதத் தெரியும் வாப்பா" என்றேன்.

வாப்பா கம்பை எடுக்காமல், தரையில் கையை ஊன்றி, அந்தக் காலை இழுத்துக்கொண்டே நகர்ந்து வந்தார். "நீ அங்கிட்டுப் போ" என்று என்னை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டு, நேர்ப்பக்கத்தில், உம்மா நாலு வருஷமாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். "இப்ப எனக்கு நேரா இருக்கு, ஒனக்கும் தெரியும். ஓது" என்றார்.

ஓதினேன். என் கண்ணுக்குத் தெரிந்த வழியில், கீழிருந்து மேலே. வாப்பாவின் விரல் அவர் பக்கத்திலிருந்து வரி வரியாகக் கூடவே வந்தது. பாதி யாஸீனுக்கு மேல் போனதும் ஒரு வரியில் அந்த விரல் நின்றுவிட்டது. "இதுதான்" என்றார். பிறகு உம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அங்க மவுத்தாப் போனவங்களுக்கு ஓத ஆலிம் யாரும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச யாஸீன நான்தான் ஓதினேன். ஒவ்வொரு தரமும் இந்த எடத்துல வந்து மறந்துரும். எத்தன பேரப் பாதியிலயே அனுப்பிட்டேன். எம்மகட்டக் கேட்டுக்கலாம், அவ முடிச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்." அந்த வரியிலிருந்து மறுபடி ஓதச் சொன்னார். நான் முடிவு வரைக்கும் ஓதினேன், வாப்பா ஒவ்வொரு வரியையும் என் பின்னால் சொன்னார், விட்டுப்போனவர்களுக்கெல்லாம் கடனை அடைக்கிறவர்போல. அன்றைக்கு இனிப்பை யாரும் உடனே தொடவில்லை.

பிறகு ஒரு ஆலிம்சா வந்தார், கொட்டகை திரும்பவும் நடந்தது. ஒரு வருஷம் பாடுபட்டு நேராக ஓதக் கற்றுக்கொண்டேன். உம்மாவும் வாப்பாவும் போய், அவர்களுக்கும் நான் யாஸீன் ஓதியாயிற்று. கம்பம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைகளும் லோரிகளும். இன்று ஷா ஆலாம் நகரில் இருக்கும் என் பேத்தி, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறாள்; இன்னும் மூன்று குடும்பங்கள் அவளோடு சேர்ந்திருக்கின்றன. ஓதிக்கொடுக்க ஒரு தாய், கதை சொல்ல ஒரு தாய் என்று பங்கு பிரித்திருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் பிள்ளைக்கு ஒரு குர்ஆன், பிள்ளைக்கு ஒரு மேசை. யார் தலையும் யார் தலையிலும் முட்டுவதில்லை. கைபேசியில் ஓதினால் அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் எழுத்துகள் தாமாக நிமிர்ந்துகொள்கின்றன. எதிர்ப்பக்கம் என்று ஒன்று இனி யாருக்கும் இல்லை.

போன மாதம் அங்கே போயிருந்தபோது, கடைசிக் குட்டியின் பாடத்தைக் கேட்க அவள் குர்ஆனுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். "உம்மம்மா, அங்க ஒக்காந்தா தலைகீழா தெரியும் லா, இந்தப் பக்கம் வாங்க" என்றாள். பக்கத்தைப் பார்த்தேன், யாஸீன். எழுத்துகள் எனக்கு முதன்முதலில் தெரிந்த மாதிரியே கிடந்தன. பழக்கத்தில் உம்மாவின் முகத்தைத் தேடி நிமிர்ந்து பார்த்தேன், நேர்ப்பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

"எனக்கு நேராத்தான் இருக்கு கண்ணு" என்றேன். "நீ ஓது."