திறக்காமல் விட்ட குடுவை

அன்று அவன் முகத்தில் ஈயாடாததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். பாவம் பார்க்கச் சொல்லாதீர்கள். பார்க்க மாட்டேன்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவி. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் பெண்களோடு வாடகைக்கு இருந்தேன். அம்மாவுக்குக் கல்லாற்றில் டீக்கடை. பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்கு ஆம்லெட் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் லேபில் என்னைத் தவிரத் தமிழ் பேசுகிறவன் ஒருவன்தான், என் சீனியர், மார்த்தாண்டத்துக்காரன். நான் சேர்ந்த அன்றே, நம்ம பிள்ளை என்று சொல்லி கேன்டீனில் பழம்பொரி வாங்கித் தந்தான். நானும் அண்ணா அண்ணா என்று அவன் பின்னாலேயே திரிந்தேன். மடச்சி!

கிளை கிளையாகப் பிரியும் பாலிமர் செய்வது என் வேலை. சாதாரண பாலிமர் நூல் மாதிரி நீண்டு, ஒன்றோடொன்று சிக்கிப் பாகாகக் கெட்டிப்படும். என்னுடையது முருங்கை மரம் மாதிரி கிளைக்கு மேல் கிளை விடும். மூலக்கூறு எவ்வளவு பெரிதானாலும் எண்ணெய் போல ஊற்றலாம். அதைச் செய்கிற முறைக்கு ‘உயிருள்ள’ முறை என்றே பெயர், ஏனென்றால் வளரும் நுனிகள் சாவதில்லை. ஒரு செம்பு உப்பு அவற்றைத் தட்டி எழுப்பும். எழுந்த நுனி துளி வளர்ந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். இதற்குக் காற்று ஆகவே ஆகாது. கலவையை உறையவைத்து, காற்றை உறிஞ்சி, உருக்கி, திரும்ப உறையவைத்து, நைட்ரஜன் நிரப்பி என்று உயிரைக் கொடுக்க வேண்டும். சரியான சமயத்தில் நிறுத்தவில்லையென்றால் கிளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குடுவை மொத்தமும் ஜெல்லியாகிவிடும். அப்புறம் அது எதிலும் கரையாது.

ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு ஜெல்லிதான் கிடைத்தது. கடைசியில் பிடிபட்டது. கலவை கெட்டிப்படத் தொடங்கி, கலக்கியின் சுழி வேகம் குறைந்து சோம்புகிற நேரம் பார்த்து, அதுவரை கண்ணில் வைத்துக் காத்த குடுவையின் திருகை நானே திறந்து காற்றை உள்ளே விடுவேன். வெளிறிய கலவை பச்சையாகும். செம்பு செத்தது, நுனிகள் நின்றன. சூட்டை அணைத்தால் மட்டும் போதாது, அறைச் சூட்டிலேயே அது மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். உறையவைப்பதையும் உறிஞ்சுவதையும் அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். திருகைத் திறக்கும் நேரத்தில் எப்போதும் டீ குடிக்கப் போயிருப்பான். அவன் அதுவரை செய்ததெல்லாம் ரப்பர் பாலில். அங்கே சூட்டை அணைத்தால் வேலை முடிந்தது.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கல்லாற்றுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் சாம்பிளை எங்கள் கைடு சாருக்கு முன்னால் ஊற்றிக் காட்டி, தான் செய்ததாகச் சொல்லிவிட்டிருந்தான். அனுப்ப எழுதி வைத்திருந்த கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. என் பெயர் வாலில் தொங்கியது. முதல் பெயராக ஒரு கட்டுரை வராமல் நான் தீசிஸ் கொடுக்க முடியாது. நேரே அவனிடமே போய்க் கேட்டேன்.

“நீ ஒண்ணும் விஷமிக்காண்டாம், வருத்தப்படாத. அடுத்த பேப்பர் உனக்குத்தான். சாரமில்ல, பரவால்ல, கேட்டியா,” என்று தோளைத் தட்டினான்.

சாரிடம் போனேன். லேபில் எல்லாம் எல்லாருடைய வேலைதான், வழக்குண்டாக்காதே என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு பெயின்ட் கம்பெனிக்காரர்கள் இந்தப் பாலிமரைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. அவர்களுக்காகப் பெரிய குடுவையில் அவனே செய்தான். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கிளம்பும்போது கூப்பிட்டுக் காட்டினான். சூடு அணைத்தாயிற்று. திருகு இறுக மூடியிருந்தது, மேலே நைட்ரஜன் பலூன் வேறு. கலவை வெளிறியே இருந்தது. ஒரு விரலால் திருகினால் பிழைத்துவிடும்.

“சூப்பராட்டு வந்திருக்கு, பாத்தியா? ஒண்ணும் விட்டுப் போகலியே?”

குடுவையை நன்றாகப் பார்த்தேன். பிறகு அவனையும் பார்த்தேன்.

“ஒண்ணும் விட்டுப் போகலண்ணா. காத்து படாம பத்திரமா வைங்க.”

கழக்கூட்டம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

மறுநாள் வந்தவர்கள் முன்னால் குடுவையைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. உலுக்கினான், தட்டினான், கரண்டியை விட்டுக் குத்தினான். கரண்டி உள்ளே நட்டுக்கொண்டு நின்றது. சார் இருமினார். வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கோ குளுகுளுவென்று இருந்தது.

அவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு சார் என்னைக் கூப்பிட்டார். நீ செய்வாயா என்றார். செய்வேன், முதலில் கட்டுரையில் பெயரை மாற்றுங்கள் என்றேன். முறைத்தார். நான் அசையவில்லை. என் கண் முன்னாலேயே மாற்றினார்.

அடுத்த வாரம் நான் செய்தேன், அவன் ஊசி எடுத்துக் கொடுத்தான். சுழி சோம்பியதும் திருகில் கை வைத்தேன். “ஏய், காத்து கேறிரும்!” என்று பதறினான். திறந்தேன். பச்சை பரவியது. வந்தவர்கள் கண் முன்னால் சுத்தம் செய்து ஊற்றினேன், எண்ணெயாக இறங்கியது.

யார் செய்தது ஜெல்லியானதோ அவர்தான் குடுவையைச் சுரண்ட வேண்டும் என்பது எங்கள் லேப் வழக்கம். அன்று மத்தியானம் அவன் சிங்க்கில் நின்று தன் போன வாரக் குடுவையைச் சுரண்டினான். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன்.

“திறக்கணும்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?” என்றான், தலை நிமிராமல்.

“நீங்க கண்டுபிடிச்ச பாலிமர்ல்லா அண்ணா,” என்றேன். “உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?”