வேலியை நோக்கி நடந்த மாமா

என் மாமனாருக்குத் தீராத முழங்கால் வலி. மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், ஜாசின் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு, அந்த வலிக்கென்று கஞ்சா பிடிக்க ஆரம்பித்தார். இளவயதில் எப்போதாவது பிடித்தவர்தான். எழுபதை நெருங்கும் வயதில் தினமும் பிடித்தார். எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லவே மாட்டார்.

எனக்கு நிம்மதி போயிற்று. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும்போதும் மனம் வீட்டிலேயே கிடக்கும். புகைத்துவிட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். கேட்டதையே திரும்பக் கேட்பார். கணவரிடம் சொன்னேன். "வயசானவரு, வலியில பிடிக்கிறாரு. விடு லா" என்றார்.

ஒரு மாலை. ஊரடங்குச் சங்கு ஊதி, கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். வெளியே ஓடினேன். வேலியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மலாய்க்காரக் காவலர் துப்பாக்கியைத் தூக்கி, நிற்கச் சொல்லிக் கத்தினார். மாமா நிற்கவில்லை.

"ஜாங்ஙான், துவான்! பாப்பா சாயா!"

சுடாதீர்கள், என் அப்பா என்று கத்தினேன். மாமனாருக்கான மலாய்ச் சொல் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

வேலியைத் தொடுவதற்குள் அவர் தலைசுற்றி விழுந்தார். காவலர் துப்பாக்கியை இறக்கினார். மாமாவின் நெஞ்சில் கை வைத்தேன், படபடவென்று அடித்தது.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"உம்பாய்க்கும்மா. மீனு வாங்கணும்." உம்பாய், வேலிக்கு வெளியே பல மைல் தள்ளியிருக்கும் கடலோர ஊர்.

காலையில் தோட்டத்து மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் நாடி பார்த்துவிட்டு, "பெரியவரே, வாலிபத்துல தாங்குன ஒடம்பு இல்ல இது" என்றார். "இதப் பிடிச்சா நெஞ்சு வேகமா அடிக்கும். எழுந்திரிச்சா தலை சுத்தும். புத்தியும் தடுமாறும். நான் குடுக்கிற தூக்க மருந்தோட சேர்ந்தா இன்னும் மோசம்."

"அப்ப வலிக்கு?" என்றார் மாமா.

"வேற மருந்து பாப்போம். விழுந்து இடுப்பு ஒடஞ்சா, அப்புறம் நடக்கவே முடியாது."

மாமா கஞ்சாவை நிறுத்தினார். லேசில் இல்லை. தூக்கமின்றிப் புரண்டார், சோற்றுத் தட்டைத் தள்ளினார், என்மேல் எரிந்து விழுந்தார். நான் தைலம் தேய்த்தேன். என் கணவர் ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். வலி முழுதாகப் போகவில்லை. பேச்சு மட்டும் தெளிந்தது. மறுபடி அவர் விழவும் இல்லை.

ஆனாலும் வாசல் பக்கம் அவர் நகர்ந்தால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். "உக்காரும்மா, வேலிப் பக்கம் போகல" என்று சலித்துக்கொள்வார். என்னால் உட்கார முடியாது.