கனடா கடிகாரமும் பதினோரு பௌர்ணமியும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருவண்ணாமலைக்கும் டொரன்டோவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், அது நம் மலை மாதிரி இருந்த இடத்தைவிட்டு நகராது என்றுதான் போன நவம்பர் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மகளின் பிரசவத்துக்காக மனைவி டொரன்டோ போயிருந்தாள். வேங்கிக்கால் வீட்டில் நானும் என் பிரஷர் மாத்திரையும் மட்டும். தினமும் காலை ஆறரைக்கு வீடியோ காலில் வருவாள். அங்கே இரவு ஒன்பது. "மாத்திரை போட்டீங்களா? எங்க, வாயத் தொறந்து காட்டுங்க." காட்டுவேன்.

அந்தத் திங்கட்கிழமை, ஆறரைக்கு போன் வரவில்லை.

நம் ஊர் என்றால் கவலையே பட்டிருக்க மாட்டேன். இங்கே "கெளம்பிட்டேன்" என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். "பக்கத்துல வந்துட்டேன்" என்றால் இப்போதுதான் செருப்பைத் தேடுகிறார். ஆனால் அது, ஏழு நாற்பத்திரண்டு பஸ் ஏழு நாற்பத்திரண்டுக்கே வருகிற ஊராயிற்றே. அங்கிருந்து பத்து நிமிடம் தாமதம் என்றால்... மகளுக்கு நாள் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே?

நானே அழைத்தேன். மனைவி எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையும்தான்.

ஆறே முக்காலுக்கு அண்ணாமலையாரிடம் ஒரு பௌர்ணமி கிரிவலம் வேண்டிக்கொண்டேன். ஏழு மணிக்கு அது மூன்று பௌர்ணமி ஆனது. ஏழே காலுக்குப் பதினொன்று — வெறுங்காலில். என் முட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெருமுனையில் பாஷா பாய் ஆட்டோ. கோயிலுக்கு விடச் சொல்லி ஏறினேன்.

"என்னா சார், காலையிலயே மூஞ்சி இப்டி இருக்கு?"

"கனடா போன் வரல பாய். முக்கா மணி நேரமாச்சு."

"இதெல்லாம் ஒரு லேட்டா சார்? அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போன என் மச்சான் மறுநாள் வந்தான்."

"உங்க மச்சான் இந்த ஊரு பாய். அது வேற ஊரு."

ராஜகோபுரம் தெரிந்தபோது மணி ஏழரை. போன் அடித்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"அவ எப்டி இருக்கா?" என்று கேட்டேன்.

"ரசம் ரெண்டாவது தடவ ஊத்திக்கினு இருக்கா. ஏன், எதுக்கு அத்தினி தடவ கூப்ட்டீங்க? சாப்புடறப்ப போனத் தொடக்கூடாதுனு உங்க பொண்ணு சட்டம் போட்டிருக்கா, தெரியாதா?"

"ஆறரைக்கு ஏன் வரல?"

"இங்க நேத்து ராத்திரி எல்லாரும் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சிட்டாங்க. குளிர்காலம் வந்தா அப்டித்தானாம். இங்க இப்பத்தான் மணி ஒம்போது."

ஒரு நாடே கூடிக் கடிகாரத்தைத் திருகுமா? பாயிடம் புலம்பினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"நம்ம ஊர்ல மட்டும் என்னா சார்? பௌர்ணமி மாசத்துக்கு மாசம் வேற வேற டைம்ல பொறக்குது. காலண்டரப் பாத்து பஸ்ஸு, லாட்ஜு, என் ஆட்டோ எல்லாமே டைம மாத்திக்குது. நாம நிலாவுக்கு மாத்தறோம், அவங்க வெயிலுக்கு மாத்தறாங்க. இதுல யாரு ஜாஸ்தி, யாரு கம்மி?"

யார் கம்மியோ, என் கணக்கில் பதினோரு பௌர்ணமி ஜாஸ்தி.

பேத்தி டாக்டர் சொன்ன நாளிலேயே சுகமாகப் பிறந்தாள். நேற்று நான்காவது சுற்று. அடி அண்ணாமலை தாண்டும்போது குதிகாலில் ஒரு கல் குத்தியது. வராத ஆபத்துக்கு வேண்டிக்கொண்டது செல்லுமா? மனைவியிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் செல்லும், நடங்க" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான்: அன்றும் அவள், அவள் ஊர் மணி ஒன்பதுக்கு, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் போன் செய்தாள்.