முடிச்சூர் வளாகத்தில் நான் தவறாகப் படித்த அட்டவணை

ஐம்பதை நெருங்கும் வயதில், விடுதியில் தங்கிப் படிக்கும் பயிற்சி வகுப்புக்குப் போகலாமா? சென்ற வாரம் அலுவலகத் தோழி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போய் வந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் தெரியவில்லை. வழி, செலவு, சாப்பாடு பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மற்றதை, நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது இருப்பது திருவனந்தபுரத்தில். ஜனவரி கடைசி வாரத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை, சென்னைக்குத் தெற்கே ஒரு பயிற்சி வளாகத்தில் இந்த வகுப்பு நடந்தது. பல நாட்டு மத்திய வங்கி அதிகாரிகளும் முனைவர் பட்ட மாணவர்களுமாக முப்பது பேர். பொருள், நாணய மாற்று விகிதமும் விலைவாசியும். இப்படிப்பட்ட வகுப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒரு துணிப்பை, ஒரு குழுப்படம், ஒரு சான்றிதழ், அவ்வளவுதான் மிஞ்சும் என்பது என் எண்ணம். மேலதிகாரி பெயரைக் கொடுத்துவிட்டதால் போனேன்.

ஞாயிறு மாலை கிளம்பும் ரயில் திங்கள் காலை ஏழரைக்குத் தாம்பரம் வந்துவிடுகிறது. மூன்றடுக்கு ஏசியில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். எழும்பூர் வரை போகாதீர்கள், திரும்பி வரவே ஒரு மணி நேரமாகும். மேற்குப் பக்கம் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். வளாகம் முடிச்சூர் தாண்டி, நிலையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். ஓட்டுநர் இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு ஒப்புக்கொண்டார்.

"இன்னாக்கா, டீச்சர் வேலைக்கா வந்துக்கிறீங்க?"

"இல்லை, படிக்க."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இந்த வயசுலயா? இன்னா படிப்பு?"

எல்லா வங்கிகளுக்கும் வட்டியை முடிவு செய்கிற வங்கியில் இருக்கிறேன், அது சம்பந்தமான படிப்பு என்றேன்.

"அப்போ நீங்கதான் அந்தப் பார்ட்டியா! வண்டி டியூ கட்டி பேஜாராகீது. பாஸாகிட்டுப் போயி அத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுக்கா."

முடிச்சூரில் வெள்ளத்துக்குப் பயந்து, புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அடித்தளத்தை ஆள் உயரத்துக்கு எடுக்கிறார்கள். பழைய வீடுகளுக்கு வாசலில் ஏழெட்டுப் படி கூடியிருக்கிறது. எங்கள் விடுதியும் தூண்களின் மேல் நிற்கிறது, கீழே வாகனங்கள்தான். மூட்டுவலி உள்ளவர்கள் முதல் மாடியிலேயே அறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் பாதி நேரம் ஓடுவதில்லை.

அறைக்கு இருவர். ஓர் அதிகாரியும் ஒரு மாணவரும் சேர்ந்து தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எனக்கு வாய்த்தவர் ரம்யா. இருபத்தெட்டு வயது, ஊர் கீழ்க்கட்டளை. வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றாலும் தங்கித்தான் ஆக வேண்டும் என்பது விதி. வந்ததும் ஜன்னல் பக்கக் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, கொசுவர்த்தி எங்கே விற்கும் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். அன்று மாலையே அவருடைய நிலைமையும் தெரிந்தது. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது.

"அதுக்கப்புறம் அப்பாவோட எலெக்ட்ரிகல் கடையில உக்கார வேண்டியதுதான் மேடம். அவர் சந்தோஷப்படுவார். அதுதான் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வருவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாணவர்கள் அவர்கள் முன்னால் தங்கள் ஆய்வைப் பேசலாம். மூவரில் ஒருவர் தன் மையத்துக்கு ஓராண்டு ஆய்வாளர் ஒருவரைத் தேடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரம்யா அந்த நால்வரில் ஒருவராக வந்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

வகுப்பின் முக்கியமான பகுதி கருத்துரை. ஒவ்வொரு மாணவரின் கட்டுரையையும் ஓர் அதிகாரி முன்கூட்டியே படித்து வந்து, பதினைந்து நிமிடம் விமரிசிக்க வேண்டும். என்ன சொல்லப்போகிறோம் என்பதை எழுதியவரிடம் முன்னால் காட்டக் கூடாது. விமரிசனம் முடியும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மேல்நாட்டுக் கருத்தரங்குகளிலிருந்து வந்த பழக்கம். எனக்குக் கொடுக்கப்பட்டது ரம்யாவின் கட்டுரை. அதை ரயிலில் படித்திருந்தேன்.

ரூபாயின் மதிப்பு மாறும்போது, பெரும்பாலும் இறக்குமதியாகும் சமையல் எண்ணெயின் விலை எவ்வளவு மாறுகிறது என்பது அவருடைய கேள்வி. கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை மளிகைக் கடைகளில் அவரே வாராவாரம் விலை கேட்டுச் சேர்த்திருந்தார். நல்ல வேலை என்று செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பத்திலேயே சொன்னேன். பிறகு முடிவு அட்டவணையைத் திரையில் போட்டேன். மாற்று விகிதம் ஏறும்போது எண்ணெய் விலை இறங்குவதாக அது சொன்னது. முன்னால் ஒரு கழித்தல் குறி.

"ரூபாய் சரியச் சரிய எண்ணெய் மலிவாகிறதாம். பல்லாவரம் சந்தையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்" என்றேன். அரங்கம் சிரித்தது. நான் சாதாரணமாகக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறவள் அல்ல. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மீதி நேரத்தையும் அந்தக் குறியின் மேலேயே செலவழித்தேன். ரம்யா எழுந்தபோது வகுப்பை நடத்தும் இயக்குநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ரம்யா உட்கார்ந்துவிட்டார்.

புதன் மாலை நால்வரின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் வந்தன. ரம்யா இல்லை. குறி விஷயத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த ஆண்டு வரச் சொன்னாராம் இயக்குநர்.

வியாழன் மதியம் வகுப்பு இல்லை. வளாக வேனில் திருநீர்மலை அழைத்துப் போனார்கள். தாம்பரம் வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், நெரிசலில் ஐம்பது நிமிடம் ஆயிற்று. தனியாக வருகிறவர்கள் பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் வருவது சுலபம். அடிவாரத்தில் ஒரு சன்னிதி, மேலே ரங்கநாதர். நடுப்பகலில் நடை சாத்திவிடுவதால் நாலரைக்கு மேல் ஏறுவது நல்லது, படியும் அப்போதுதான் சுடாது. மேலே நின்றால் ஏரியும், அதற்கப்பால் வரிசை வரிசையாக அடுக்குமாடிகளும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களும் தெரியும். ரம்யா வரவில்லை. தலைவலி என்று சொல்லியிருந்தார்.

தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த மத்திய வங்கி அதிகாரி கஜன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"அக்கா, உங்கட கருத்துரையில ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. அந்தப் பிள்ளை பாவிச்சது குறியீட்டெண் எல்லோ? அது ஏறினால் ரூபா பலமாகுது எண்டுதானே அர்த்தம்? அப்ப எண்ணெய் விலை குறையத்தானே வேணும்?"

தொழிலில் இல்லாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். மாற்று விகிதத்தைச் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று சொன்னால், எண் ஏறும்போது ரூபாய் பலவீனமாகிறது. பல நாட்டு நாணயங்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் குறியீட்டெண்ணில் அப்படியே தலைகீழ், எண் ஏறினால் ரூபாய் வலுவாகிறது. நான் தினமும் காலையில் முதலில் பார்ப்பது டாலர் விலையை. ரம்யா பயன்படுத்தியது இரண்டாவதை. அதைக் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதியும் இருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறி சரி. கட்டுரை சரி. பல்லாவரம் சந்தையில் அடி வாங்க வேண்டியவள் நான்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை கஜன்?"

"நீங்கள் பெரிய ஆள். வேற ஏதோ ஆழமான பொயின்ட் ஒண்டுக்கு வாறியள் எண்டு நினைச்சன். கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடலை தின்பதை நிறுத்தினார். "ஐயோ."

அரங்கத்தில் இன்னும் எத்தனை பேர் கஜனைப் போலக் காத்திருந்தார்கள் என்று வேனில் யோசித்துக்கொண்டே திரும்பினேன். அறையில் ரம்யா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னேன்.

"ரம்யா, உங்க குறி சரிதான். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

"தெரியும் மேடம்."

"தெரியுமா? அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

மடித்த சட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொல்லத்தான் எழுந்தேன், டைம் முடிஞ்சிடுச்சுன்னுட்டாங்க. சரி, ரூம்ல சொல்லிக்கலாம்னு வந்தேன். நீங்க கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்து, 'கவலைப்படாதம்மா, எல்லாரும் பண்ற தப்புதான்'னு முதுகைத் தட்டுனீங்க. அதுக்கு மேல எப்படி மேடம் சொல்றது?"

நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துச் செய்திருந்தேன்.

"டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். 'மேடம் இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறாங்க, இன்னொரு தடவை செக் பண்ணு'ன்னார். நேத்து ஃபுல்லா செக் பண்ணேன். ஒரு கட்டத்துல எனக்கே டவுட் வந்துடுச்சு."

நேராக இயக்குநரின் அறைக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார். நால்வர் முடிவாகிவிட்டது, நிகழ்ச்சி நிரல் விருந்தினர்களுக்குப் போய்விட்டது, இரண்டு பேருக்கு மூன்று மணிக்கு விமானம் என்றார். கருத்துரைகளில் இதெல்லாம் சகஜம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று என்னைத் தேற்றவும் செய்தார். வயதில் மூத்தவர் என்பதால் மறுநாள் நன்றியுரை என் பொறுப்பு. அதில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டு வந்தேன். அந்தத் தீர்மானத்தில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. இப்போது யோசித்தால் அதுவும் கூச்சமாக இருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். அதிகாரிகளுக்குக் கட்டணத்தை அலுவலகமே கட்டிவிடும். மாணவர்களுக்கு உணவு, தங்குமிடம் சேர்த்து நான்காயிரம் வாங்கினார்கள். காலையில் பொங்கல் நன்றாக இருக்கும், இரவுச் சப்பாத்தி காய்ந்திருக்கும். ஏடிஎம் முடிச்சூர் சாலையில்தான், ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெந்நீர் காலை ஏழு வரைதான் வரும். கருத்துரை சொல்லப் போகிறவர்கள், விதி என்ன சொன்னாலும், முந்தைய நாளே எழுதியவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் தன் பக்கத்தைச் சொல்லி முடிக்கும் வரை டீ வாங்கிக் கொடுக்காதீர்கள். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நானில்லை. சபையில் உரக்கப் பேசியவர் உரக்கத் திருத்திவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று வியாழன் இரவு நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. மறுநாள் நடந்தது இதுதான்.

நால்வரும் பேசி முடிக்கப் பகல் பன்னிரண்டே கால் ஆனது. நன்றியுரைக்கு எழுந்தேன். சமையலறைக்கும் ஓட்டுநர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை ரம்யாவின் கட்டுரையில் தவறு என்று நான் சொன்னது தவறு, குறியீட்டெண்ணை நான் தலைகீழாகப் படித்தேன், அவருடைய முடிவு சரியானது, அவர் இன்று இங்கே பேசியிருக்க வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். எனக்கு. இயக்குநர் ஒலிவாங்கியை வாங்கி, ஒரு மூத்த அதிகாரியின் இந்த அடக்கத்தை இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மேடையில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைக் கூப்பினேன், அது இன்னும் மோசமாகப் போயிற்று.

மூன்றாவது வரிசையில் ரம்யா எழுந்தார். "கைதட்டி முடித்ததும் என் அட்டவணையைக் காட்டலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் கஜன் சத்தமாகச் சிரித்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் கொடுத்தார்.

விருந்தினர்களில் இருவர் அதற்குள் காருக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆய்வாளரைத் தேடுகிறவர் மட்டும் கதவருகே பையோடு நின்றிருந்தவர், திரும்பி வந்து உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். ரம்யா வேகமாகப் பேசவில்லை. ஏறினால் வலு, இறங்கினால் பலவீனம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கினார். கடை விலைகளை நீங்களேதான் சேர்த்தீர்களா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றார் ரம்யா. எந்தக் கடைக்காரராவது ரூபாய் வலுவானபோதும் விலையைக் குறைக்காமல் வைத்திருந்தாரா என்றார். "பாதிப் பேர் சார்" என்று ரம்யா அடுத்த படத்தைப் போடப் போனபோது வெளியே காரின் ஹாரன் கேட்டது. அவர் எழுந்து தலையசைத்துவிட்டுப் போனார். வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ரம்யாவின் அப்பா ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் ஆட்டோவுக்காக நின்றிருந்த என்னிடம் வந்து கைகூப்பினார்.

"நீங்கதான் ரூம்மேட் மேடமா? அஞ்சு நாளும் பொண்ணைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல மேடம். பெரிய ஆளோட இருக்கா, நாலு விஷயம் கத்துக்குவான்னு வூட்ல சொல்லிக்கினே இருந்தேன். ரொம்ப தேங்க்ஸ்."

அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை ரம்யா. நான் வாய் திறப்பதற்குள் ரம்யா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார்.

"போலாம்ப்பா. லேட்டானா பல்லாவரத்துல ஜாம் ஆயிடும்."

ஸ்கூட்டர் முடிச்சூர் சாலைக்குத் திரும்பியது. ஆட்டோ வர இருபது நிமிடம் ஆயிற்று. நிலையத்துக்கு இருநூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன்.