இரவல் ஒற்று

எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அம்மாவின் தம்பியான மாமா, அவருக்கு அடுத்தபடியாக ஒன்பது வயதுப் பெண்ணான நான். இந்த வரிசையை வகுத்தவளும் நான்தான்.

மாமா காரைக்காலில் படித்துவிட்டு, கல்கத்தாவில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் ஆபீசுக்கு வேலைக்கு வந்தவர். பவானிப்பூரில் எங்களோடு இருந்தார். காலையில் முகச்சவரம் செய்துகொண்டே பிரெஞ்சுப் பாடத்தை உரக்கச் சொல்வார். யாருக்கும் சொல்லித்தர மாட்டார். அவ்வளவு பொறுமை கிடையாது. ஒட்டுக் கேட்டே நான் பத்துவரை எண்ணப் பழகினேன். ‘தெ’ என்றால் இரண்டு, ‘அர்’ என்றால் மணி, இரண்டையும் சேர்த்தால் ‘தெஸர்’. நடுவில் இந்த ‘ஸ்’ எங்கிருந்து முளைத்தது என்று அம்மா ஒருநாள் கேலி செய்தாள்.

“மா இலைன்னா சொல்றே? மாவிலைன்னுதானேக்கா சொல்றே. அந்த ‘வ’ மாதிரி இதுவும் எரவல்தான்” என்றார் மாமா.

அன்றிலிருந்து பிரெஞ்சில் எங்கே ‘ஸ்’ காதில் விழுந்தாலும், இரவல் என்று தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மாமா காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் இறங்கிற்று, நெஞ்சு கெட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது. ஆபீசிலிருந்து, சந்தன்நகரில் இருந்த ஒரு பிரெஞ்சு டாக்டரை வரவழைத்து அனுப்பினார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். உள் கதவுக்குப் பின்னால் நின்றாள். மாமா கண்ணயர்ந்திருந்தார். டாக்டர் ஆறு பொட்டலம் வெள்ளைப் பொடியை என் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்து மெதுவாகத் திரும்பச் சொன்னார். கடைசியில் வந்த ‘தூஸர்’ மட்டும் எனக்குப் பிடிபட்டது. ‘ஸ்’ஸைத் தள்ளினேன். மிச்சம் என் ‘தெ’தான்; டாக்டர் வாயைக் கொஞ்சம் அதிகமாகக் குவித்துவிட்டார், அவ்வளவே. அவர் மூன்று விரலைக் காட்டி, மறுபடி வருவதாகச் சைகை செய்துவிட்டு வண்டியேறினார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் குடுக்கணுமாம்” என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்படியானால் இன்றைக்கே தீர்ந்துவிடுமே, மூன்று நாள் கழித்து அல்லவா வருகிறார் என்று அம்மா தயங்கினாள். சீக்கிரம் குணமாகத்தான் என்று நானே சமாதானமும் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து மணி பார்த்துச் சொன்னேன். அம்மா தேனில் குழைத்துக் கொடுத்தாள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. மூன்றாவதற்குப் பிறகு மாமா வாந்தியெடுத்தார். நான்காவதற்குப் பிறகு உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்மா வெந்நீர் வைக்க ஓடினாள். மாமா என்னைக் கிட்டே அழைத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார்.

“தூஸர்” என்றேன், உச்சரிப்புச் சுத்தமாக.

‘தூஸ்’ என்றால் பன்னிரண்டு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ‘ஸ்’ இரவல் இல்லை, அந்தச் சொல்லின் சொந்த எழுத்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக, ஆறு பொட்டலமும் மூன்று நாளைக்கு. நான்தான் பத்துக்கு மேல் போனதில்லையே.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

“அக்கா, தூக்கக் கலக்கத்துல நான்தான் புள்ளகிட்ட ரெண்டுன்னு சொல்லிட்டேன். அது தப்பு. இனிமே பொடி வேணாம்.”

ஆள் அனுப்பினார்கள். மறுநாள் காலை டாக்டர் வந்து சேர்வதற்குள் மாமா போய்விட்டார்.

பொடியை நிறுத்திய அன்று சாயங்காலம் அவர் இரண்டு முறை கையசைத்து என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. டாக்டரிடம் பேசியவள் நான். தூங்கிக்கொண்டிருந்தவர், தான் சொன்னதாக எப்படிச் சொல்லலாம்? என் பிரெஞ்சைத் திருடிக்கொண்டவரோடு இனிப் பேச்சே இல்லை என்று, கடிகாரத்தின் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.