குவைத்திலிருந்து பை மட்டும் வந்தது

என் மருமகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். வாய்விட்டுத்தான் படிப்பாள், வீடு முழுக்கக் கேட்கும். போன வாரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் வருடத்தின் முக்கிய உலக நிகழ்வுகள் என்று ஆரம்பித்தாள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தலைவர் விடுதலை. உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனி வெற்றி. குவைத்துக்குள் ஈராக் படை நுழைவு. இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தன. ஒரே மூச்சில் நான்கையும் சொல்லிவிட்டு அடுத்த வருடத்துக்குத் தாவிவிட்டாள்.

"ஏய், நில்லு. குவைத்துக்கு ஒரே வரிதானா?"

"புத்தகத்துல அம்புட்டுத்தான் மாமி போட்டிருக்கு."

"அப்ப அதை எழுதுனவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன், எழுதிக்க."

அவள் சிரித்தாளே தவிர எழுதவில்லை. சரிதான் போ என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. திண்டுக்கல்லில் மாமனாருக்குச் சின்ன பிரியாணிக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் அங்கே பிரியாணி அண்டாவை, நாங்கள் தேக்சா என்போம், இறக்கிக்கொண்டிருந்தவர்தான். குவைத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை கிடைத்துப் போய்விட்டார். கையில் இரண்டு சாமான் கொடுத்து அனுப்பினோம். ஒன்று அவருடைய நீளக் கரண்டி. இன்னொன்று நான் மசாலா கலந்து நிரப்பிய பால்பவுடர் டப்பா.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிரியாணி இறக்குவது ஆம்பளை வேலை, மசாலா கலப்பது பொம்பளை வேலை. பட்டை எவ்வளவு, கிராம்பு எவ்வளவு என்று மாமனாருக்கே தெரியாது. மாமியார் அந்த அளவை மருமகளுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுப்பார், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அதனால் டப்பா தீர்ந்தால் என் வீட்டுக்காரர் எனக்குத்தான் சொல்லி அனுப்பியாக வேண்டும். குவைத்துக்கு யாராவது போனால் அடுத்த பொட்டலம் போகும். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த டப்பா வழியாகத்தான்.

பிப்ரவரியில் அந்தத் தலைவர் சிறையிலிருந்து வெளியே வந்ததைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். ஊரே அவரைப் பார்த்தது, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த மனைவியைத்தான் பார்த்தேன். எத்தனை வருடம் காத்திருந்திருக்கிறாள் மகராசி! ஜூனில் கால்பந்து வந்தது. கொழுந்தன் அதே டிவி முன்னால் பழியாகக் கிடந்தான். உலகம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை ரேடியோச் செய்தியில் குவைத் என்ற பெயர் வந்தது. மாமனார் கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும் வரை அசையாமல் கேட்டார். போன் கிடைக்கவில்லை, தபால் வரவில்லை. கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு செய்தி சொன்னார்கள். அங்கே கடைகளைச் சூறையாடுகிறார்கள், சனங்கள் பாலைவனத்தில் நடந்தே போகிறார்கள், தண்ணீர் இல்லாமல் சாகிறார்கள். சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்று தட்டையும் நீட்டுவார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி வீசியிருப்பேன்.

அப்புறம் விமானம் விட்டார்கள். தப்பி வந்தவர்களை அம்மானிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பழனிப் பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம் என்று ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஆள் மட்டும் வரவில்லை. செப்டம்பரில் அவருடைய பை வந்தது.

கொண்டுவந்தவர் அவர் தங்கியிருந்த கட்டடத்திலேயே வேலை பார்த்தவர். தொப்பம்பட்டிக்காரர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏனுங்க, நான் போய்ப் பாத்தப்ப ரூம்ல ஆளு இல்லீங்க. பை மட்டும் கட்டி வெச்சிருந்துச்சுங்க, மேல அட்ரஸ் எழுதியிருந்துச்சு. வழியெல்லாம் விசாரிச்சேனுங்க. யாரும் பாக்கலைன்னுட்டாங்க."

அவ்வளவுதான். மாமியார் அந்தப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆள் வராமல் பை வந்தால் மவுத்துதான், உயிர் போய்விட்டது என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். மாமியாரின் அக்கா, நாங்கள் பெரியம்மா என்போம், கடைவீதிக்கு ஆளனுப்பி ஒரு வெள்ளை மல்லுச் சேலை வாங்கிவரச் செய்தார். என்னை இத்தா உட்கார வைக்க வேண்டுமாம். புருசனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் அயல் ஆம்பளைகள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதுதான் இத்தா. இருபது வயதுப் பெண்ணை மூலையில் உட்கார வைக்க அவர்களுக்கு என்ன அவசரமோ!

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பையை இன்னும் யாரும் திறக்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. மாமியார் மடியிலிருந்து அதை எடுத்து நடு வீட்டில் வைத்துத் திறந்தேன். கைலிகள், சட்டைகள், தொழுகை விரிப்பு, அலாரம் கடிகாரம், எனக்காக வாங்கி வைத்திருந்த பூப்போட்ட சேலை ஒன்று. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, பையைக் கவிழ்த்து உதறினேன். டப்பா இல்லை. கரண்டியும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

மறுநாள் காலை பள்ளிவாசல் ஹஜரத்தைக் கூட்டி வந்தார்கள். அவர் முன்னறையில் உட்கார்ந்தார். நான் அந்தப் பூப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன்.

"ஹஜரத், பையைக் கட்டுனது அவருதான். வேற ஆளு கட்டியிருந்தா டப்பாவையும் கரண்டியையும் விட்டிருக்க மாட்டாங்க. அதுதான் கண்ணுல படுற சாமான். ரெண்டையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. மவுத்தானவரு கரண்டியைத் தூக்கிட்டா போவாரு?"

"வாயைப் பாத்தியா இவளுக்கு! கட்டியிருக்குற சேலையைப் பாருங்க" என்றார் பெரியம்மா.

"எங்கயோ சமைச்சுக்கிட்டு இருக்காரு ஹஜரத். ஆப்பிரிக்காவுல அந்தம்மா அம்புட்டு வருசம் காத்திருந்துச்சு. எனக்கு ஒரு மாசத்துலயே வெள்ளைச் சேலையா?"

ஹஜரத், "மவுத்துச் செய்தி உறுதியாகாம இத்தா கிடையாதும்மா. அந்தப் புள்ள சொல்றது சரிதான். துவா செய்யுங்க" என்று எழுந்தார்.

விசயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரியம்மா கிளம்பும்போது அந்தச் சேலையை மாமியார் கையில் திணித்து, "பத்திரமா வையி. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வேணும்ல" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அவர் வாசல்படி தாண்டியதும் சேலையைப் பிடுங்கி, பல்லால் ஓரத்தைக் கடித்து, சர்ரென்று கிழித்தேன். கிழித்துக்கொண்டே, "தம் துணி இத்துப் போச்சுன்னு மாமா சொல்லிக்கிட்டே இருந்தாருல்ல, இந்தாங்க" என்றேன். சோறு முக்கால் வேக்காடு வந்ததும் தேக்சாவின் வாயை ஈரத் துணியால் மூடிக் கட்டி, மேலே மூடி போட்டு நெருப்பு அள்ளி வைப்போம். அதற்கான துணி அது.

மாமியார் என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. குனிந்து ஒரு துண்டை எடுத்தார், ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இப்புடியே கட்டுனா நூல் பிரிஞ்சு சோத்துல விழும்டி. குடு, ஓரம் அடிச்சுத் தாரேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் ஊசியில் நூல் கோத்து முடிக்கும் வரை அழுதேன். அன்றிலிருந்து கடையில் தினமும் அந்தத் துணியில்தான் தம். வேண்டுமென்றே மசாலாவை வழக்கத்தைவிட அதிகமாகக் கலந்து வைத்தேன், அவர் வந்தால் வேண்டுமே என்று.

அக்டோபரில் ஒரு பகல். பக்கத்து வீட்டு டிவியில் ஜெர்மனிக்காரர்கள் கொடி பிடித்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நான் பின்கட்டில் ஏலக்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். கடைப் பக்கம் மாமனார் ஏதோ சத்தம் போட்டார். எழுந்து போவதற்குள் என் வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார். கருத்து, இளைத்து, கன்னம் ஒட்டிப்போய். தோளில் கரண்டி, கையில் டப்பா. மனுசன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது.

"மசாலா தீந்துபோச்சு."

"அடப் பாவி மனுசா! ஒரு தந்தி அடிக்கக் கூடாதா?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"பாலைவனத்துல ஏதுடி தந்தி ஆபீசு?"

எல்லையில் ஒரு முகாமாம். கூடாரத்துக்கு மேல் கூடாரம், ரொட்டிக்கும் தண்ணீருக்கும் அடிதடி. அரிசி மூட்டை வந்து இறங்கியும் அத்தனை பேருக்குப் பொங்கத் தெரிந்த ஆள் இல்லையாம். இவர் அடுப்பு மூட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறை பஸ் வரும்போதும், இந்தத் தேக்சாவை இறக்கிவிட்டுப் போகிறேன், அடுத்ததில் போகிறேன் என்று பிள்ளைக்காரர்களை முன்னால் ஏற்றி விட்டிருக்கிறார். வெஞ்சனம் எதுவும் கிடையாது, வெறும் சோறு. அதில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை தூவியே ஓட்டியிருக்கிறார்.

"உசுருக்குப் பயந்து ஓடுறவரு துணிமணியை விட்டுட்டு டப்பாவைத் தூக்குவீகளா?"

"வண்டியில கையில புடிக்குற சாமானுக்குத்தான் எடம்னாங்க. துணி எங்கயும் கெடைக்கும். நீ கலக்குனது எங்க கெடைக்கும்?"



மறுநாளே அடுப்படிக்கு வந்துவிட்டார். தேக்சாவில் சோறு தம்முக்குத் தயாராக இருந்தது. மாமியார் துணியை நனைத்து நீட்டினார். அவர் அதை விரித்து, விரலால் நெருடிப் பார்த்தார்.

"நல்ல துணியா இருக்கே. ஓரமெல்லாம் அடிச்சு. எங்க வாங்குனீக?"

மாமியார் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன், "எனக்கு எடுத்த சேலை."

"வெள்ளைச் சேலையா? உனக்கு எதுக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டார். தேக்சா மேல் விரித்த துணியின் இரண்டு முனைகளும் அவர் கையில் இருந்தன. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மாமியார் திரும்பாமலே சொன்னார்.

"கட்டுடா மொதல்ல. சோறு ஆறுது."